நோனி வீட்டுக் கடைகோல்

தலைமை இருக்கையில் அமர்ந்து, "அப்பா, சுருக்கமாக!" என்று கண்ணாலேயே கடிகாரத்தைக் காட்டும் என் அருமை மகள் சபீனா அவர்களே! பங்குத் தந்தை அவர்களே! கில்வார்னாவின் மூத்தோரே! அடுப்பனலில் நின்று எங்களை ஆளாக்கிய அன்னையரே! முன்வரிசையில் கைத்தடியை ஆட்டி என்னை மிரட்டும் நோனி டால்ட்டி அம்மையாரே! மழையை மறந்து மன்றம் நிறைத்த மக்களே! கோல்மன் ஹெஹிரின் மனமார்ந்த வணக்கம்!

இன்று இந்தக் கண்காட்சியில் நம் பழைய சமையலறைகளே மேடையேறி நிற்கின்றன! பகலில் பெஞ்சாகி இரவில் கட்டிலாகும் பெட்டி! நீலத் தட்டுகள் நிமிர்ந்து நிற்கும் அலமாரி! ரொட்டி சுட்டுச் சுட்டுக் கறுத்த மூன்று கால் பானை! எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லலாம். ஆனால் நான் வந்தது ஒன்றே ஒன்றுக்காக. மூலையில் இடுப்புயரம் நிற்கிறதே மரத்தாழி, அதன் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும், மேலும் கீழும் குத்திக் கடையும் கடைகோலுக்காக! சிரிக்காதீர்கள், கேளுங்கள்!

நாற்பது ஆண்டுகளுக்கு முன், நோனியின் பசு என் ஓட்ஸ் வயலில் மேய்ந்தது. ஒரு முறையா? மும்முறை! ஊற்றில் தண்ணீர் எடுக்க அவர் வருவது என் வயலின் குறுக்கு வழியாக. அந்த வழியை முள் வெட்டி அடைத்தேன். மறுநாள் முள்ளைக் காணோம்! கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள், தண்ணீருக்கு எங்கே போவார்? நினைத்தேனா? இல்லை! "இனி என் வயலில் கால் வைக்காதே" என்று சொல்லக் கொதித்துப்போய் அவர் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அவர் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தார்.

என்ன, பின்வரிசையில்? "மாட்டிக்கிட்டியா" என்கிறீர்களா? மாட்டிக்கொண்டேன் ஐயா! கடையும் வீட்டுக்குள் வந்தவன் கோலில் கை போடாமல் திரும்பினால், வெண்ணெயின் அதிர்ஷ்டத்தையே அள்ளிப்போன திருடன் அல்லவா அவன்? ஊர் சும்மா விடுமா?

"சண்டையா? தாராளமா போடு கோல்மன். முதல்ல இதைப் பிடி."

பிடித்தேன். "உன் மாடு..." ஒரு குத்து! "என் ஓட்ஸு..." ஒரு குத்து!

"இன்னும் நல்லா கத்துய்யா! நீ கத்தினாத்தான் கோலு வேகமா இறங்குது!"

அரை மணி நேரம்! கோபமெல்லாம் வேர்வையாய் வடிந்தது, வெண்ணெய் திரண்டது. சூடான உருளைக்கிழங்கு அடையில் அந்த வெண்ணெயை வழிய வழியத் தடவித் தந்தார். அதை வாயில் வைத்துக்கொண்டு வழியில்லை என்பேனா?

"பசுவைக் கட்டிப் போடு நோனி. வழி... அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று முனகினேன்.

ஒன்பதாம் நாள் காலை, என் மனைவி டீலியாவுக்கு ஒரு மாதம் முன்பே வலி கண்டது. வெள்ளத்தில் சாலை மூழ்கியிருந்தது. மருத்துவச்சி வர முடியாது. வயலில் நின்று கத்தினேன். அந்த வழியாகத்தான், முள்ளில்லாத அந்த வழியாகத்தான், மாவு அப்பிய கையோடு நோனி ஓடி வந்தார். பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது. அழவில்லை. தட்டினார், தேய்த்தார், வாயோடு வாய் வைத்து ஊதினார். அழுதது! சுற்றி வந்தால் இரண்டு மைல். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் இருக்கவில்லை.

அந்தப் பிள்ளைதான் இந்த அவையின் தலைவர்! பாருங்கள், கடிகாரத்தை மறந்துவிட்டார்.

நோனி அம்மா! நாற்பது ஆண்டாய் என் தொண்டையில் சிக்கிக் கிடந்த சொல் இது: நன்றி! கதவைச் சாத்தாமல் கோலை நீட்டினீர்களே, அதற்கு நன்றி!

அன்பர்களே, அந்தத் தாழியில் இன்று பாலேடு ஊற்றியிருக்கிறோம். கை போடாமல் யாரும் வாசல் தாண்டக் கூடாது! முகம் கொடுத்துப் பேசாத அண்டை வீட்டார் இங்கே யார் யார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் மட்டும் இருவராய்ச் சேர்ந்து பிடியுங்கள். வணக்கம்!