சேகண்டியும் முரசும்

இஞ்சி தட்டிப்போட்ட மதுவைச் சூடாகவே குடித்துவிட வேண்டும், அதிகாரி. ஆறினால் புளிப்பு முன்னால் வந்து நிற்கும். இந்தத் தீவில் அரிசி மது ஊறப்போடத் தெரியாத வீடு கிடையாது. எதிரில் உட்கார்ந்து குடிக்கத்தான் ஆள் கிடையாது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. பக்கத்துப் பெரிய தீவிலிருந்து எங்கள் தீவுக்குக் கடலடியில் வரும் போன் கேபிள் தற்செயலாகப் பழுதானதா, யாராவது வேண்டுமென்று செய்ததா? எதிர்க்கரையிலிருந்து வந்த மணல் அள்ளும் கப்பல் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அதன் தலைவன் தனக்கு எதுவும் தெரியாது என்கிறானாம். உண்மைதான், அவனுக்குத் தெரியாது. கேபிளுக்கு மேலே அவன் நங்கூரம் போட்டதைப் பார்த்தேன் என்று பயணிகள் படகில் உங்களுக்குச் சொல்லியனுப்பியவன் நான். நான் எதையும் பார்க்கவில்லை.

மூன்று முறை இந்தக் கேபிள் போயிருக்கிறது. முதல் முறை நிஜமாகவே விபத்து. ஒரு மணல் கப்பலின் நங்கூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. எல்லோரும் புலம்பினார்கள். எனக்கு மட்டும் அது நல்ல காலமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ராணுவ முகாமை மூடினார்கள், பிறகு பள்ளிக்கூடம். பிள்ளைகளோடு பெற்றவர்களும் தைவானுக்குப் போனார்கள். மிச்சமிருந்த கிழடுகளை போன் பிடித்துக்கொண்டது. என் பால்ய சிநேகிதன் யிசோங் இரண்டு வீடு தள்ளி இருந்தான். அவன் மகள் ஹுய்லான் தைவானில் இருக்கும் தாவோயுவானிலிருந்து தினமும் முகம் காட்டிப் பேசுவாள். பேசி முடித்த பிறகும் அவன் அதையே தடவிக்கொண்டிருப்பான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

கேபிள் போன மறுநாள் அவன் சதுரங்கப் பலகையோடு என் வாசலில் நின்றான்.

"என்னடா தியென், உசிரோடதான் இருக்கியா? கதவெல்லாம் ஒட்டடை பிடிச்சுக் கெடக்கு."

"நீதான் போனுக்குள்ள குடி போயிட்டியே. ஒட்டடையாவது என்னைப் பாக்க வருது."

"வாய் மட்டும் கொறையல. காயை அடுக்கு. இன்னைக்கு உன் ராஜாவுக்குப் பாடை கட்டுறேன்."

பிறகு தினமும் வந்தான். சிப்பி வறுத்தேன், மது சூடாக்கினேன், அவன் காய்களைத் திருடி வைப்பதைக் கண்டும் காணாதது போல் இருந்தேன். பழுது பார்க்கும் கப்பல் வந்தது. கேபிள் உயிர் பெற்றது. சதுரங்கப் பலகையை என் வீட்டிலேயே மறந்துவிட்டு அவன் போனுக்குத் திரும்பினான்.

ஹுய்லான் கர்ப்பமானதும் ஒருநாள் வந்தான்.

"கொழந்தை பொறந்ததும் அங்கேயே தங்கிடலாம்னு இருக்கேன்டா. நீயும் வந்துடேன்."

"நான் வந்துட்டா அம்மன் கோயில்ல யாரு விளக்கு வைக்கிறது?"

"அம்மனுக்குக் கடலே தொணையா இருக்கு. உனக்குத்தான்டா யாருமில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். அந்தச் சொல் எனக்கு வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

இரண்டாம் முறை செய்தது நான். அறுத்தால் வெட்டு நேராக விழும், உங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தொலைந்த வலையைத் தேட நாங்கள் போடும் நாலு முனைக் கொக்கி இருக்கிறதே, அது போதும். நீர் இறங்கியிருந்தபோது கேபிளைக் கொக்கியில் மாட்டி, கயிற்றை இழுத்துப் படகில் கட்டினேன். நீர் ஏற ஏறப் படகும் உயர்ந்தது. உள்ளே ஓடுவது கண்ணாடி இழைதானே, ஓரளவுக்கு மேல் வளைத்தால் தாங்காது. நான் கயிறு மட்டும்தான் கட்டினேன், அதிகாரி. மற்றதைக் கடல் பார்த்துக்கொண்டது.

ஆனால் இந்த முறை அவன் சதுரங்கம் ஆட வரவில்லை. பிரசவம் நெருங்கிவிட்டது, மகளின் குரலைக் கேட்காமல் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பெரிய தீவுல போன் வேலை செய்யுதாம். பயணிகள் படகு வர வரைக்கும் பொறுக்க முடியாது. உன் படகுல கொண்டு விடுடா."

"எஞ்சின் படுத்துடுச்சு."

எஞ்சினிலிருந்து கழற்றிய துண்டு என் சட்டைப்பையில் இருந்தது. அவன் முறைத்துப் பார்த்தான்.

"உன்ன மாதிரியேதான் உன் எஞ்சினும். தேவைப்படுறப்ப முரண்டு பிடிக்கும்."

சிப்பி எடுக்கப் போகும் தன் சின்னப் படகிலேயே கிளம்பிவிட்டான். தெற்கே கடலின் மேல் மூடுபனி சுவர் வைத்துக்கொண்டிருந்தது. அது எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் மட்டும் நின்றிருப்பானா? அதனால் சொல்லவில்லை.

எங்கள் வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பனியில் படகு மாட்டிக்கொண்டால் ஊதுகுழலை ஊதும். கோயிலிலிருந்து பதில் போகும். சேகண்டி அடித்தால் வழி சரி, சத்தத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வா. முரசு அடித்தால் நீர் இறங்கிப் பாறை தலைகாட்டிவிட்டது, நங்கூரம் போட்டு அங்கேயே நில். கோயில் காவல் என்னுடையது. சேகண்டியும் முரசும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன.

அவன் குழல் கேட்டது. நான் கோயிலுக்கு நடந்தேன். நீர் இறங்கியிருந்தது, வாசலில் நின்றாலே பாசி நாற்றம் வந்தது. முரசு அடித்திருந்தால் நின்றிருப்பான். பனி விலகியதும் பெரிய தீவுக்குப் போயிருப்பான், மகளோடு பேசியிருப்பான், அங்கிருந்தே தைவானுக்குக் கப்பல் ஏறியிருப்பான். சேகண்டி என்றால் வீட்டுக்கு வா என்று அர்த்தம். அவன் வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

சேகண்டி அடித்தேன்.

அவனுக்கும் சந்தேகம் வந்திருக்கும். குழல் ஒருமுறை தயங்கித் தயங்கி ஒலித்தது. நான் விடாமல் அடித்தேன். அடிப்பது யார் என்று அவனுக்குத் தெரியுமே. அவன் படகின் எஞ்சின் சத்தம் திரும்பி நெருங்கி வந்தது, பிறகு பாறைப் பக்கம் நின்றுபோனது.

பதற்றத்தில் மாற்றி அடித்துவிட்டேன் என்று ஊரார் நினைத்தார்கள். அதைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. நல்ல மனிதர்கள். எனக்குப் பதற்றம் எதுவும் இல்லை.

கடலில் மிதக்கும் உடலைக் கண்டவன் அதை விட்டுவிட்டு வரக்கூடாது என்பது எங்களிடம் சட்டத்துக்கும் மேலே. எடுத்து வந்தவனே பிள்ளை இடத்தில் நின்று காரியம் செய்ய வேண்டும், புதைக்கும் இடத்தையும் அவனே சொல்வான். நான்தான் தேடிப் போனேன், நான்தான் கண்டேன். என் எஞ்சின் அன்று ஒழுங்காக ஓடியது. இதோ இந்த ஜன்னலுக்கு நேரே, மேட்டில் வைத்தோம். கேபிள் சரியாகி, சேதி போய் ஹுய்லான் கைக்குழந்தையோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் என் காலடியில் மண்டியிட்டு அழுதாள்.

"அப்பாவைத் தனியா விடாம நீங்கதான் பாத்துக்கிட்டீங்க பெரியப்பா."

ஆமாம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. தினமும் பலகையை விரித்து அவனுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றி வைக்கிறேன். அவன் காயை நானே நகர்த்துகிறேன். இப்போதெல்லாம் அவன் ஏமாற்றுவதில்லை.

வருடங்கள் கழிந்து மண்ணைத் தோண்டி, எலும்பைக் கழுவி, ஜாடியில் வைப்பது முறை. ஹுய்லான் போன மாதம் அழைத்தாள்.

"ஜாடிய எங்க ஊருக்கே கொண்டுபோயிடறேன் பெரியப்பா. நல்ல நாள் பாத்துட்டு போன் பண்றேன்."

சரிம்மா என்றேன். மறுநாள் கொக்கியை எடுத்துக்கொண்டு போனேன். அதுதான் மூன்றாம் முறை, அதைத்தான் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அந்தக் கப்பல்காரனை விட்டுவிடுங்கள், அவனுக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள்.

எழுதிக்கொள்ளவே இல்லையே நீங்கள்? பரவாயில்லை. இவ்வளவு நேரம் யாரும் என் பேச்சைக் கேட்டு வெகுகாலம் ஆகிறது. போனைப் பார்க்காதீர்கள், இங்கே அது வேலை செய்யாது. இன்னொரு கிண்ணம் ஊற்றட்டுமா?

வேண்டாமா? கிளம்பித்தான் ஆக வேண்டுமா? உங்கள் விருப்பம், நான் யாரையும் வற்புறுத்துகிறவன் இல்லை. தெற்கே பனி ஏறிவிட்டது, நீரும் இறங்க ஆரம்பித்துவிட்டது. வழி தெரியாமல் போனால் உங்கள் படகின் குழலை ஊதுங்கள். பயப்பட வேண்டாம், உங்களையும் தனியாக விடமாட்டேன். நான் கோயிலில்தான் இருப்பேன், சேகண்டி அடிக்கிறேன்.