நாற்பது நொடிக் குரல்

தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைத்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை, சார். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆனாலும் பத்துப் பேரில் எட்டுப் பேர் அரிசியை உதறிக்கொண்டேதான் என் கடைக்குள் நுழைவார்கள்.

தையல்காரம்மாவும் அப்படித்தான் வந்தார். துவைக்கும் துணியோடு போனையும் ஊறப்போட்டுவிட்டார். பழைய போன், மூலையில் விரிசல் வேறு. ரோட்டில் கிடந்தால் குனிந்து எடுக்க மாட்டீர்கள். அதைக் கைக்குட்டையில் சுற்றி, இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தார்.

"பொண்ணு போய் எட்டு மாசம் ஆச்சு தம்பி. துணிமணி, செருப்பு, புத்தகம் எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துட்டேன். அதெல்லாம் சாமான்தானே. இதுக்குள்ள அவ பேசி வச்சது ஒண்ணு இருக்கு. அது மட்டும் போதும்."

வேலை கிடைத்து வெளியூர் கிளம்பிய அன்று, மகள் அம்மாவின் போனில் பேசிப் பதிந்து வைத்தது அது. போய் இரண்டே மாதத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டாள். வேறு எங்கும் நகல் கிடையாது. இன்னொன்றையும் அந்த அம்மா முதல் நாளே சொன்னார். அது எனக்குத் தெரியாது என்று பின்னால் யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். வலது காது ஏற்கெனவே போய்விட்டது. இடது காதும் ஒரு வருஷம் தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம்.

"அதுக்குள்ள ஒரு தடவை கேட்டுட்டா போதும் தம்பி. அப்புறம் காது இருந்தா என்ன, போனா என்ன."

மூன்றாம் நாளே எடுத்துவிட்டேன். நூற்றுப் பத்துப் புகைப்படங்கள், நாற்பது நொடிக் குரல் ஒன்று. என் ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, வழக்கம்போல ஃபோல்டருக்கு அவர் பெயரையும் எடுத்த தேதியையும் வைத்தேன். வேலையில் நான் படு சுத்தம், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வியாழக்கிழமை வந்தார். "இன்னும் வரலம்மா, அடுத்த வாரம் பாருங்க" என்றேன். நாக்கு கூசவில்லை. கூசும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஜனங்கள் உயிரையே வைத்திருக்கும் சாமான்களைப் பதினெட்டு வருஷமாகத் திறந்து மூடுகிறேன். கொண்டுவரும்போது தவியாய்த் தவிப்பார்கள். கிடைத்ததும் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒருவர் கல்யாண வீடியோவுக்காக என் கடை வாசலில் தேம்பித் தேம்பி அழுதார். எடுத்துக் கொடுத்தேன். நாலே மாதத்தில், வீடியோ உள்ளே இருக்கும்போதே அந்தப் போனை விற்க வந்து நின்றார். கைக்கு வந்துவிட்டால் அவ்வளவுதான் மதிப்பு. தையல்காரம்மாவுக்கு மகளின் குரல் அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். அவர் நல்லதுக்குத்தான்.

வியாழன் தவறாமல் வந்தார். மகளைப் பற்றியே பேசுவார். வெந்நீர் இல்லாமல் குளிக்க மாட்டாளாம், கணக்கில் புலியாம், பல்லியைக் கண்டால் வீடே இரண்டுபடுமாம். பேசிக்கொண்டே என் சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுப்பார். வீட்டில் எனக்கு அப்படிப் பேச ஆள் இல்லை. அவர் மனம் விட்டுப்போகிற மாதங்களில் ஒரே ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டுவேன்.

"பாத்தீங்களா, வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

போகப்போக நான் கத்திப் பேச வேண்டியிருந்தது. பிறகு எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. பதினான்காவது மாதம், அவர் பின்னால் நின்று ஓர் இரும்புத் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. அடுத்த வியாழன் அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன்.

அங்கேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். திரையில் கோடு ஏறி இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டு, "பேசுறாளா தம்பி?" என்றார். தலையாட்டினேன். "என்ன சொல்றா?" என்றார். எழுதிக் காட்டியிருக்கலாம். 'தெளிவா இல்லம்மா' என்று எழுதினேன்.

வீட்டில் அவருடைய அண்ணன் ஃபோல்டரில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டார். போன வருஷத்துத் தேதி. அவர்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் புகாரோடு வந்தார். அந்த அம்மா வரவில்லை. தைப்பதை நிறுத்திவிட்டாராம், சாப்பாடும் பேருக்குத்தானாம். கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

நான் செய்ததை ஒப்புக்கொள்கிறேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்றே ஒன்று கேட்பேன். நீங்கள் எடுத்துவந்த ஹார்ட் டிஸ்கைச் சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "அம்மா, கேக்குதா? சத்தமாத்தான் பேசறேன், கேக்குதா?" என்றுதான் அந்தப் பிள்ளை ஆரம்பிக்கும். தினமும் கடையைத் திறந்ததும் அதைப் போட்டு, "கேக்குதும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் நான் வேலையில் உட்காருவேன். மூன்று நாளாகப் பிள்ளைக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை, சார்.