கீழ் வரிசைத் தோட்டா

இல்ல தம்பி, அந்த டப்பாவ மட்டும் எடுத்த எடத்துலயே வெச்சிருங்க. இந்த அழுத்து மெஷினு, தராசு, அச்சு, பலகை எல்லாம் உங்களுக்குத்தான். ரொப்பி வெச்ச தோட்டா மட்டும் குடுக்கறதுக்கில்ல. சும்மாவும் தர மாட்டேன். ஷெரிஃப் ஆபீஸ்லேருந்து ஆள் வந்து எடுத்துட்டுப் போறேன்னிருக்காங்க.

தெரியும், தெரியும். ஆர்விட் டோலெஃப்சன் கையால போட்ட தோட்டான்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்னு உங்க மாமனாரு சொல்லியிருப்பாரு. இந்தப் பக்கம் பூரா அப்படித்தான் பேச்சு. பளபளன்னுதான் இருக்கு, ஆமா. எங்க வீட்டுக்காரரு பித்தளையத் தேய்க்கற தேய்ப்பு அப்படி. என் வெள்ளிக் கரண்டிய ஒருநாள் அப்படித் தேய்ச்சுக் குடுத்ததில்ல மனுஷன்.

உக்காருங்க. அந்தப் பெயிண்ட் வாளியக் கவுத்துப் போட்டுக்குங்க. பனி கொஞ்சம் விடட்டும், அப்பறம் வண்டியில ஏத்தலாம்.

உங்களுக்கு இந்த வேல புதுசா? யூடியூப்ல பாத்தீங்களா, சரிதான். பாக்க சுலபமாத்தான் இருக்கும். சுட்டு முடிச்ச பித்தளைக் கூட்டத் தேய்ச்சு, அடியில பொறிக்குப் புதுக் கேப்பு வெச்சு, வெடிமருந்து கொட்டி, மேல ஈய ரவைய வெச்சு அழுத்திட்டா முடிஞ்சுது. ஆனா மருந்துல ரெண்டு விதம் இருக்குல்ல? ரைஃபிளுக்கு மெதுவா எரியறது. கைத்துப்பாக்கிக்கு குப்புனு பிடிக்கறது. பாக்க ரெண்டும் மிளகுத்தூளு மாதிரியேதான் இருக்கும். ரைஃபிள் கூட்டுக்குள்ள அந்த வேகமானத அதே அளவு கொட்டிட்டீங்கன்னா இரும்பு தாங்காது. துப்பாக்கியே பொளந்துக்கும். ரவைய வெச்சு மூடிட்டா உள்ள எது இருக்குன்னு வெளியிலேருந்து கடவுளுக்குத்தான் தெரியும்.

அதனாலதான் ஆர்விட் அவ்வளவு கறாரு. பலகை மேல ஒரு டின்னுதான் இருக்கணும். வேல முடிஞ்சதும் மிச்ச மருந்து அதே டின்னுக்குத் திரும்பிப் போயிரணும். ரேடியோ கூடாது, போன் கூடாது, நான் காப்பி கொண்டாந்தாலும் கதவுக்கு வெளிய வெச்சுட்டுப் போயிரணும். நடுவுல யாராச்சும் பேச்சுக் குடுத்துட்டா, அதுவரைக்கும் கொட்டினதெல்லாம் திருப்பிக் கொட்டிட்டு மொதல்லேருந்து ஆரம்பிப்பாரு. பக்கத்துப் பண்ணை க்ளென் வந்து நிப்பான், என்னடா ஆர்விட், மருந்து கொட்டறியா ஜெபம் பண்றியான்னு. இவரு திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. வெளிய போடா, உன் வாயி வெடிச்சா பரவால்ல, என் தோட்டா வெடிக்கக் கூடாதுன்னுவாரு.

பொண்ணு மட்டும் உள்ள வரலாம். சிக்னி. எங்களுக்கு ஒரே பொண்ணு. தானியக் கிடங்குல லாரி ஓட்டறவ. அப்பனோட மான் வேட்டைக்குப் போக ஆரம்பிச்சப்ப பன்னெண்டு வயசு, துப்பாக்கிய விட ரெண்டு விரக்கடதான் உசரம். வருஷா வருஷம் சீசனுக்கு முன்னால அவளுக்குன்னு ஒரு பெட்டி போட்டு, மேல டேப்பு ஒட்டி, பேர எழுதிக் குடுப்பாரு. அதான் அவரு குடுக்கற பரிசு. பொறந்தநாள மறந்தாலும் அத மறக்க மாட்டாரு.

அந்த வருஷம் அவதான் சொன்னா. அப்பா, உனக்குத் தோளு வலிக்குது, எதுக்குக் கஷ்டம், நான் கடையிலயே வாங்கிக்கறேன்னு. சாப்பிட்டுட்டு இருந்தவரு முள்கரண்டியக் கீழ வெச்சுட்டாரு. கடைத் தோட்டாவா, அப்ப கடையிலயே ஒரு அப்பனையும் வாங்கிக்கன்னுட்டாரு. அன்னிக்குப் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தாரு. அவதான் சிரிச்சுக்கிட்டே போய், சரி கெழவா, கோச்சுக்காத, நீயே போட்டுக் குடுன்னு கழுத்தக் கட்டிக்கிட்டா.

அவரு வயசா? எழுபது தாண்டியாச்சு அப்ப. கொஞ்சம் மறதி. வண்டி எஞ்சின ஓட விட்டுட்டு வந்து அவரு பாட்டுக்கு சாப்பிட்டுட்டு இருப்பாரு. க்ளென, அவன் செத்துப்போன அப்பன் பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. நாங்க சிரிச்சோம். அவரும் சேர்ந்துதான் சிரிச்சாரு. வயசானா இதெல்லாம் வர்றதுதானே தம்பி. வீட்டுச் சாவிய மறந்தா தேடிக்கலாம். எந்த டின்னு தொறந்திருக்குங்கறத மறந்தா என்ன பண்றது?

நடந்தது அதுதான்னு பின்னால சொன்னாங்க. பாதிப் பெட்டி போடற வரைக்கும் சரியான மருந்து. மருந்துக் குடுவை காலியானதும் எடுத்து ஊத்தினது பக்கத்துல இருந்த வேற டின்னு. எப்பவும் ஒரே டின்னு வெச்சிருந்த மனுஷன் பலகையில அன்னிக்கு ரெண்டு இருந்திருக்கு. பெட்டியில மேல் வரிசையெல்லாம் நல்ல தோட்டா, கீழ் வரிசை பூரா மத்தது. குறி சரியா இருக்கான்னு பாக்க அவ மொத வாரம் சுட்டதெல்லாம் மேல் வரிசை. காகிதத் தட்டுல நடுவுல நடுவுல ஓட்ட. அத இவரு சட்டப்பையில மடிச்சு வெச்சுக்கிட்டு ஊர் பூரா காட்டினாரு.

சீசன் தொறந்த அன்னிக்கு க்ளென் வயலுக்குப் பின்னால இருக்கற ஓடைப் பள்ளத்துக்கு ரெண்டு பேரும் போனாங்க. நல்ல கொம்பு மானு ஒண்ணு வந்துச்சாம். இவ படுத்துக் குறி வெச்சிருக்கா, இவரு பக்கத்துலயே படுத்துக்கிட்டு பைனாகுலர்ல பாத்துட்டு இருந்திருக்காரு. மெதுவா, மூச்ச விட்டுட்டு அழுத்துன்னு சொல்லிக்கிட்டே. க்ளென் அவன் கொட்டாயிலேருந்து கேட்டானாம். துப்பாக்கிச் சத்தமில்ல மார்லிஸ், லாரி டயர் வெடிச்ச சத்தம்னான்.

துப்பாக்கியோட பின்பக்கம் பிச்சுக்கிட்டு வந்திருக்கு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுத்தான் இருந்தா. இரும்புக்கு முன்னால கண்ணாடி என்ன பண்ணும்?

எழுபது வயசு ஆளு அவளத் தோள்ல போட்டுக்கிட்டு பள்ளத்துலேருந்து மேட்டுல நின்ன வண்டி வரைக்கும் ஏறி வந்திருக்காரு. வீட்டு வாசல்ல ஹாரன அழுத்தின கைய எடுக்கவே இல்ல. நான் ஓடிப்போய் வண்டிக் கதவத் தொறந்தா, அவ முகத்துல இவரு கோட்டு சுத்தியிருந்துச்சு. அவளுக்கு நெனவு இருந்துச்சு தம்பி. மானு விழுந்துச்சாப்பான்னு கேட்டா. விழுந்துச்சு கண்ணு, ஒரே சூட்டுல விழுந்துச்சுன்னாரு. ஒண்ணும் விழல.

ஹெலிகாப்டர்ல பில்லிங்ஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க.

இருங்க, சொல்றேன். காப்பி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?

விசாரிக்க வந்தவங்க மிச்சத் தோட்டாவ இந்தப் பலகையிலயே வெச்சு ஒவ்வொண்ணாப் பிரிச்சாங்க. ஒரு வெள்ளைத் தாளுல ரெண்டு குவியலாக் கொட்டினாங்க. ஆர்விட் குனிஞ்சு பாத்தாரு. அவங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே ஒரு குவியலக் காட்டி, இது கைத்துப்பாக்கிக்கு உள்ளதுன்னு சொன்னாரு. அப்படியே சுவரு ஓரமா உக்காந்துட்டாரு. அதுக்கப்பறம் டாக்டருகிட்டப் போய்த் தலைய ஸ்கேன் பண்ணி, மறதி நோயின்னு பேரு வெச்சதெல்லாம் நடந்துச்சு. கேஸு ஒண்ணும் போடல. யாரு மேல போடுவாங்க?

ஆர்விட்டா? செத்துட்டாருன்னா நெனச்சீங்க? ஐயோ, இல்ல. உள்ளதான் இருக்காரு. ஜன்னலோரம் தொப்பி தெரியுது பாருங்க.

அதான் இதெல்லாம் விக்கறேன். வீட்டுல மீதி இருந்த வெடிமருந்தெல்லாம் அப்பவே ஷெரிஃப் ஆளுங்ககிட்டக் குடுத்துட்டேன். க்ளென் பொண்டாட்டியோட மாத்திரை வாங்கப் போனவரு, நைசா பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்குள்ள பூந்து புது மருந்து டின்னு வாங்கிட்டு வந்துட்டாரு. கடைப் பையனுக்கு என்ன தெரியும்? பேரு சொன்னதும் எடுத்துக் குடுத்துட்டான். நான் ஆஸ்பத்திரிக்கு, சர்ச்சுக்குப் போற நேரமாப் பாத்து இங்க வந்து உக்காந்துடறாரு. கை மட்டும் எதையும் மறக்கல. யாருக்குப் போடறீங்கன்னு கேட்டா, சீசன் வருதுல்ல, புள்ள பெட்டிக்கு வந்து நிப்பாங்கறாரு. நீங்க எடுத்த அந்த டப்பா அப்படி ரொப்பினதுதான்.

மொதல்ல நெசத்தச் சொல்லிக்கிட்டிருந்தேன். பாதிரியாரும் பொய் சொல்லாதீங்கன்னாரு. சொன்னேன். சொன்ன ஒவ்வொரு தடவையும் அவருக்கு அன்னிக்குத்தான் நடந்தாப்ல. கீழ விழுந்து கத்துவாரு, என்னால தூக்க முடியாது. மறுநாள் காலையில தெளிவா எந்திரிச்சு வந்து, சிக்னி எங்க மார்லிஸ்னு கேப்பாரு. இனிமே என்னால அத இன்னொருக்கா சொல்ல முடியாது தம்பி. பெத்தவளுக்கும் ஒரு அளவு இருக்கு.

சரி, பனி விட்டுடுச்சு, எந்திரிங்க. தராசப் பாத்துத் தூக்குங்க. உங்களப் பாத்தா வெளிய வருவாரு, யாராச்சும் வண்டியோட வந்தா வந்துருவாரு. வர்ற வழியில எங்க பொண்ணப் பாத்தியான்னு கேப்பாரு. பாத்தேன், தானிய லோடு எறக்கிட்டு இருந்தா, சாயங்காலம் வரேன்னாள்னு சொல்லிருங்க. ஹெலிகாப்டர்லயே உசுரு போயிடுச்சு அவளுக்கு, பில்லிங்ஸ் எட்டல. நீங்க அந்தப் பக்கத்த மெதுவாப் புடிங்க, நான் இந்தப் பக்கம் புடிக்கறேன்.