ஹனோயிக்குப் போகவிருந்த பிள்ளை

தேத்தண்ணிக்கு நன்றி. பால் கொஞ்சம் கூடிப்போச்சு, ஆனால் சூடாயிருக்கு, அது காணும். இந்த அறை ஏன் இப்பிடிக் குளிருது எண்டு நான் கேக்கமாட்டன். நீங்கள் நெடுக இருக்கிற இடம், உங்களுக்குப் பழகியிருக்கும்.

எனக்கு இங்கிலீஷ் விளங்கும், மடம். ஈஸ்ட் ஹாமில சீலைக்கடையில நிண்டு எல்லா நாட்டுச் சனத்தோடையும் கதைச்சிருக்கிறன். ஆனால் இதை என்ர பாசையில சொன்னால்தான் பிழைபடாமல் வரும். அதாலதான் மொழிபெயர்க்க இந்த நிர்மலாப் பிள்ளையைக் கூப்பிடச் சொன்னது. அவ மதுரைப் பக்கமாம். நான் 'ஓம்' எண்டால் அவ 'ஆமா' எண்டு தலையாட்டுவா. 'குளிசை' எண்டால் ஒரு கணம் யோசிப்பா. குளிசை எண்டால் மாத்திரை, பிள்ளை. இண்டைக்கு அந்தச் சொல்லு கனதரம் வரும்.

என்ர பேர் மெற்றில்டா. சொந்த ஊர் மன்னார். என்ர மனுசன் றொனால்ட் நெஞ்சுநோவில போகேக்க மகள் ஜெனோஜா பால்குடி. அவள் எனக்கு ஒரே பிள்ளை. ஒன்பது வயசில பள்ளிக்கூட முற்றத்தில அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. அண்டைக்குப் பிறகு நான் நித்திரை கொண்டன் எண்டு சொல்லமாட்டன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தன். மூச்சு மாறினால் எழும்பிவிடுவன். வலிப்பு வர முதல் அவள் இடது கைப் பெருவிரலை மற்ற விரலுகளோட தேய்ப்பாள். அது அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். பதினேழு வருசம் நான் அந்த விரலைப் பாத்துக்கொண்டிருந்தனான். ரெண்டாம் கலியாணம் பேசிக்கொண்டு வந்தவையைத் திருப்பி அனுப்பினன். ஒரு கலியாணவீட்டில எண்டாலும் கடைசிப் பந்தி வரைக்கும் இருந்தது கிடையாது.

பேந்து புதுக் குளிசை ஒண்டு சரிவந்தது. வருசக்கணக்கா வலிப்பு இல்லை. குளிசையை விடாமல் போட்டால் எல்லாரையும் மாதிரி இருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னார். சிரிச்சுக்கொண்டு சொன்னார். நானும் சிரிச்சனான்.

அவள் லண்டனுக்குள்ள ஒரு இன்சூரன்ஸ் ஒஃபிசில வேலை செய்தாள். ஒருநாள் வந்து, வேலையை விட்டிட்டன், வெளிநாட்டுச் சனத்துக்கு இங்கிலீஷ் படிப்பிக்கப் பயிற்சி எடுக்கப்போறன் எண்டாள். எங்க எண்டு கேட்டன். ஹனோய் எண்டாள். நான் அதை ஏதோ ரெஸ்ரோரன்ட் எண்டு நினைச்சன்.

"லண்டனில இல்லாத படிப்போ பிள்ளை?"

"இங்க படிச்சால் இங்கயே இருந்திடுவன் அம்மா. அங்க படிச்சால் அங்கயே வேலை எடுக்கலாம்."

அவள் அதை மறைக்கேல்லை. ஒண்டையும் மறைக்கிற பிள்ளை இல்லை அவள்.

அங்க போன பிறகு ஒவ்வொரு நாளும் போனில படம் காட்டுவாள். குளத்துக்கு நடுவில சிவப்புப் பாலம், மோட்டச்சைக்கிளில கட்டி ஏத்தின அலுமாரி, முட்டை அடிச்சு ஊத்தின கோப்பி. பகலில பயிற்சி, பின்னேரத்தில ஊர் சுத்தல். நான் படத்தைப் பாக்கிறேல்லை. அவளின்ர கையைத்தான் பாப்பன். போனில விரல் சரியாத் தெரியாது. அதால பயிற்சி முடியிற கடைசிக் கிழமைக்கு நானே பிளேன் ஏறிப் போனன்.

விமானநிலையத்தில கட்டிப்பிடிச்சுக் கொண்டு நல்லாச் சிரிச்சாள். வெயிலில கறுத்து, மெலிஞ்சு, வடிவா இருந்தாள். அந்த ஊரில ரோட்டுக் கடக்கிறது பெரிய வித்தை, மடம். மோட்டச்சைக்கிள் மழைவெள்ளம் மாதிரி வரும், ஒருத்தரும் நிப்பாட்டமாட்டினம். நான் கரையிலயே நிண்டன். அவள் என்ர கையைப் பிடிச்சாள்.

"நிக்காதைங்கோ, ஓடவும் வேண்டாம். மெல்ல நடவுங்கோ. அவை உங்களைச் சுத்திப் போவினம்."

அப்பிடித்தான் போச்சினம். அண்டைக்குத்தான் முதல்தரம் அவள் என்னைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனது. எனக்கு அது பிடிக்கேல்லை.

அடுத்த நாள் அவள் படிப்பிக்கிறதைப் பாக்கக் கூட்டிக்கொண்டு போனாள். பயிற்சிக்கு வாறவை ஊர்ச்சனத்துக்கு இலவசமாப் படிப்பிக்கவேணும். ட்ரெயினர் கடைசி வரிசையில இருந்து பிழை பிடிப்பார். அவருக்குப் பக்கத்தில எனக்கு ஒரு கதிரை. முன்னால முடிவெட்டுற கிழவர் ஒருத்தர், ஒரு நேர்ஸ், பூ விக்கிற பெம்பிளை, வேற கொஞ்சப் பேர். ஜெனோஜா போர்டில ஒரு சூட்கேசைக் கீறினாள். முதலே தீர்மானிச்ச விசயத்துக்கு 'கோயிங் டு', அந்த இடத்தில தோன்றுகிற விசயத்துக்கு 'வில்'. அதுதான் பாடம். கிழவர் எழும்பி, தான் கடல் பாக்கப் போறன் எண்டு சொன்னார். திக்கித் திக்கித்தான் சொன்னார். அவள் அவசரப்படுத்தேல்லை. அவர் முடிக்குமட்டும் அவரின்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டாள். எல்லாரும் கை தட்டிச்சினம். ட்ரெயினர் என்ர காதுக்குள்ள, உங்கட மகள் பிறவி ரீச்சர் எண்டார்.

பேந்து அவள் பகிடியா என்னைக் கேட்டாள்: "அம்மா, வட் ஆர் யூ கோயிங் டு டூ?"

"ஐ ஆம் கோயிங் டு டேக் யூ ஹோம்" எண்டன்.

எல்லாரும் சிரிச்சினம். அவளும் சிரிச்சு, இலக்கணம் சரி எண்டாள். நீங்கள் காலமை கேட்டியள், இது முதலே தீர்மானிச்சதோ அந்த நேரம் தோன்றினதோ எண்டு. வகுப்பில நான் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லுறன்.

மத்தியானம் தெருவோரத்தில முழங்கால் உயரக் கதிரையில இருந்து சூப் குடிச்சம். அவளோட அறையில இருந்த வெள்ளைக்காரப் பிள்ளையும் வந்திருந்தாள். நல்ல பிள்ளை. என்ர முகத்தைப் பாத்து என்ன விளங்கினாளோ, பயப்பிடாதைங்கோ ஆன்ரி எண்டாள். முதல் நாளே ஜெனோஜா வகுப்பு முழுக்கச் சொல்லிக்குடுத்தவளாம்: வலிப்பு வந்தால் சரிச்சுப் படுக்கவைக்கவேணும், வாயுக்குள்ள ஒண்டும் வைக்கக்கூடாது, நேரம் பாக்கவேணும், அஞ்சு நிமிசம் தாண்டினால் அம்புலன்ஸ். "எங்கள் எல்லாருக்கும் தெரியும்" எண்டாள். அதைச் சொல்லிப்போட்டுச் சூப்பைக் குடிச்சாள்.

நான் பதினேழு வருசமாப் படிச்சதை என்ர மகள் கால் மணித்தியாலத்தில படிப்பிச்சு முடிச்சிட்டாள்.

பின்னேரம் அங்கத்தைய பெரிய கோயிலுக்குப் போனன். கறுத்த கல்லுக் கோயில். ஜெனோஜா வெளியில நிண்டு ஆரோ பூக்காரியோட அந்த ஊர்ப் பாசையில ரெண்டு சொல்லுக் கதைச்சுச் சிரிக்கிற சத்தம் கேட்டுது. நான் மாதாவுக்கு முன்னால முழங்காலில நிண்டன். ஒவ்வொரு நாளும் அவளின்ர சுகத்தைக் கேக்கிற வாய் இது. அண்டைக்கு அது வேற ஒண்டு கேட்டுது. ஒரே ஒரு வலிப்பு, தாயே. சின்னன் காணும். இதை நான் சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்திலயும் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் முதல்முதல் சொல்லுறன்.

லண்டனுக்குத் திரும்பிவந்தம். அவளுக்கு அங்க ஒரு பள்ளிக்கூடத்தில வேலை சரிவந்தது. ஈஸ்டருக்குப் பிறகு போறது எண்டு ஒழுங்கு.

நான் கேட்டுப்பாக்கேல்லை எண்டு மட்டும் நினைக்காதைங்கோ. எல்லாம் செய்தனான். மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் பிடிச்சன். இல்ஃபோர்டில ஒரு நல்ல பெடியனைப் பேசிப்பாத்தன். எங்கட பங்குக் கோயிலுக்கு வாற என்ர சிநேகிதி பியற்றிஸை வந்து புத்தி சொல்லச் சொன்னன். பியற்றிஸ் வந்து எனக்குத்தான் புத்தி சொன்னாள்: "விடு மெற்றில்டா. பிள்ளை சிறகு முளைச்சுப் பறக்கட்டும். நீயும் கொஞ்சம் நித்திரை கொள்ளு." நித்திரை கொண்டு என்ன செய்யிறது எண்டு அவளுக்கும் சொல்லத் தெரியேல்லை.

கடைசியா ஒரு காலமை, குசினிக்குள்ள, நான் ஜெனோஜாவின்ர காலைப் பிடிச்சன். பெத்த தாய் பிள்ளையின்ர காலைப் பிடிக்கிறது நல்லதில்லை எண்டு எனக்குத் தெரியும். அவள் பதறிப்போய்த் தானும் நிலத்தில இருந்திட்டாள். ரெண்டு பேரும் குசினி நிலத்தில இருந்து அழுதம்.

"அம்மா, நான் சாகப் போகேல்லை. படிப்பிக்கப் போறன்."

"அங்க உனக்கு ஏதும் நடந்தால் ஆர் இருக்கினம்?"

"எல்லாரும் இருக்கினம் அம்மா." பிறகு என்ர கண்ணைத் துடைச்சுவிட்டுக் கேட்டாள்: "எனக்கு இந்த வலிப்பு வருத்தம் இல்லாட்டி நீங்கள் ஆரம்மா?"

அவள் அதைக் கோவத்தில கேக்கேல்லை. உண்மையாத் தெரிஞ்சுகொள்ளத்தான் கேட்டவள். நான் எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனன்.

அவளின்ர குளிசைப் பெட்டியில கிழமை நாளுக்கு ஒரு மூடி. சின்ன வயசில இருந்து அதை நிரப்புறது நான். ஹனோயில தானே நிரப்பினவள். வீட்டுக்கு வந்தபிறகு, போகுமட்டும் நீங்களே நிரப்புங்கோ அம்மா எண்டு என்னட்டத் தந்தாள். எனக்கு மனம் ஆறட்டும் எண்டு தந்தாள். அவளின்ர குளிசை வெள்ளை, வட்டம். பார்வைக்கு அதே மாதிரிச் சத்துக் குளிசை எந்தக் கடையிலயும் வாங்கலாம்.

நான் அவளுக்கு நஞ்சு குடுக்கேல்லை. இதை நீங்கள் வடிவா எழுதவேணும். கெட்டது ஒண்டும் அவளின்ர உடம்புக்குள்ள நான் வைக்கேல்லை. நல்லது ஒண்டை நிப்பாட்டினன், அவ்வளவுதான். வலிப்பு ஒண்டு திரும்ப வந்தால் டொக்டர் பிளேன் ஏறவேண்டாம் எண்டு சொல்லுவார், பள்ளிக்கூடம் வேற ஆளைப் பாக்கும், நான் அவளைப் பாப்பன். கவலையீனமா ஒண்டும் செய்யேல்லை. கடையில லீவு எடுத்தன். மேசை முனையளுக்குப் பஞ்சு சுத்தினன். குளியலறைப் பூட்டைக் கழட்டி, பழுதாப் போச்சு எண்டு சொன்னன். அவள் போற இடமெல்லாம் கூடப் போனன். அம்மா இப்ப என்னோட நல்ல ஒட்டு எண்டு பியற்றிஸுக்குச் சொல்லிச் சிரிச்சாளாம்.

முதல் கிழமை ஒண்டும் இல்லை. அடுத்த கிழமை ஒரு காலமை கோப்பையைத் தவறவிட்டாள். கை சுண்டி இழுத்தது. "நித்திரை காணாது போல" எண்டாள். நான் உடைஞ்சதைக் கூட்டி அள்ளினன். அண்டைக்கு நிப்பாட்டியிருக்கலாம். உண்மைதான். ஆனால் கை சுண்டுறதை ஒரு டொக்டரும் கணக்கில எடுக்கமாட்டார்.

அந்தச் சனிக்கிழமை வெயில் எறிச்சது. அவள் முன்னறையில சோபாவில இருந்து, அங்க கொண்டுபோற படங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். ரெட் பஸ், தபால்பெட்டி, குடை. பிள்ளையளுக்குக் காட்டிப் படிப்பிக்க. நான் முன்னால இருந்து கீரை ஆய்ஞ்சன். பெருவிரல் தேயத் தொடங்கிச்சுது. நான் எழும்பிப் போய் அவளின்ர கையில இருந்த கத்தரிக்கோலை வாங்கி வைச்சன். அவள் என்னைப் பாத்து, "என்னம்மா?" எண்டாள்.

அதுதான் அவள் கடைசியாச் சொன்னது.

நான் எல்லாம் முறையாச் செய்தன். நிலத்தில சரிச்சுப் படுக்க வைச்சன். தலையை மடியில வைச்சன். வாயுக்குள்ள ஒண்டும் வைக்கேல்லை. போன் என்ர சட்டைப் பொக்கற்றில இருந்தது. ஓம், இருந்தது. எடுக்கேல்லை. சின்ன வலிப்பு எண்டால் குளிசையைக் கூட்டிக் குடுத்து அனுப்பிவிடுவினம். இது கணக்கில வரவேணும். செபமாலை சொல்லத் தொடங்கினன். முதல் பத்து மணி உருட்டி முடியேக்க வலிப்பு நிக்கேல்லை. உதடு நீலமாச்சுது. இன்னும் ஒரு பத்து எண்டு நினைச்சன். எவ்வளவு நேரம் எண்டு நீங்கள் திரும்பத் திரும்பக் கேக்கிறியள். நான் மணிக்கூடு பாக்கேல்லை, மடம். முழுச் செபமாலையும், அஞ்சு பத்து மணியும், சொல்லி முடிச்சன். பிரார்த்தனையும் சொன்னன். நிர்மலாப் பிள்ளைக்கு அது எவ்வளவு நேரம் எண்டு தெரியாது போல. ஆரும் கத்தோலிக்கரைக் கேளுங்கோ.

சரியாச் சொன்னால், அந்த நேரம் எனக்குப் பயம் இருக்கேல்லை. கனகாலத்துக்குப் பிறகு என்ர பிள்ளை என்ர மடியில.

பியற்றிஸ் பயணத்துக்கெண்டு பயித்தம்பணியாரம் சுட்டுக் கொண்டு வந்தவள். கதவு பூட்டியிருக்கேல்லை. அவள்தான் கத்தினது, அவள்தான் அம்புலன்சுக்கு அடிச்சது. இரத்தத்தில மருந்தே இல்லை எண்டு ஆஸ்பத்திரியில கண்டுபிடிச்சுப் பொலிசுக்கு, உங்களுக்குச் சொல்லியிருக்கினம். அந்தப் பரிசோதனை தேவையில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பன். குளிசையை மாத்தினது நான். வலிப்பு வருமெண்டு தெரிஞ்சு மாத்தினன். வந்தபிறகு, நிக்காது எண்டு தெரிஞ்சும் ஆரையும் கூப்பிடேல்லை. எல்லாத்தையும் நான்தான் செய்தன். வேற ஒருத்தருக்கும் இதில பங்கில்லை.

இப்ப அவள் கண் திறக்கிறாள். ஆரையும் தெரியாது. பேச்சு வராது, விழுங்கவும் ஏலாது. நேற்று டொக்டர் கூப்பிட்டுச் சொன்னவ, மூளை நல்லாப் பழுதாப்போச்சு, இனி அவளுக்கு ராப்பகலா ஒரு ஆள் பக்கத்தில இருக்கவேணும், சாகுமட்டும் எண்டு. சொல்லேக்க அந்த டொக்டரின்ர கண் கலங்கிப்போச்சு. நான்தான் அவவின்ர கையைப் பிடிச்சு ஆறுதல் சொன்னன்.

எனக்கு வேற வேலை இல்லை, மடம், கடையையும் விட்டிட்டன். நீங்கள் இதையெல்லாம் எழுதி முடிச்சால் என்னை எத்தினை மணிக்கு விடுவியள்? பிள்ளை அங்க தனிய இருக்கிறாள், நான் இல்லாட்டி அவளை ஆர் பாக்கிறது?