வேண்டுமென்றே விட்ட பந்து

பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பக்கத்தில் இருந்த நண்பரிடம் சொன்னார்: "வேணும்னேதான் வே அவுட் ஆனேன்."

"யார் பந்துல?"

"நம்ம காஜா பந்துல. தோள்பட்டை ஆபரேஷனுக்கு அப்புறம் நேத்துதான் மொதமொதல்ல கிரவுண்டுக்கு வந்தான்."

"எப்படிப் போடுதான்?"

"எங்க வே! முன்னெல்லாம் அவன் போட்டா பந்து கண்ணுக்கே தெரியாது. நேத்து பந்து ரெண்டு குத்து குத்திப் பைய வருது. மனசு கேக்கல. மட்டையைத் தூக்கி ஸ்டம்பை விட்டுக் குடுத்தேன். எல்லாரும் கை தட்டுனாவ."

"நல்லதுதானே செஞ்சிருக்கீரு."

"அவன் சிரிக்கலையே. நேரா என்கிட்ட வந்து, 'அவ்வளவு மோசமாவா போடுதேன்?'னு கேட்டான். பந்தை என் கையில குடுத்துட்டுப் போயிட்டான். இன்னைக்குக் காலையில கிரவுண்டுல ஆளையே காணோம்."

பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது.

"அந்தப் பந்தை நான் ஓங்கி அடிச்சிருக்கணும் வே," என்றார் அவர். "அடிச்சிருந்தா, அந்தக் கோவத்துலயாவது இன்னைக்கு வந்திருப்பான்."