எல்லாம் ஒரே நரி

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் தன் பக்கத்தில் இருந்த மணற்காட்டு ஊர்க்காரரிடம் சலிப்போடு சொன்னாள்:

"அண்ணை, நரியளைக் கணக்கெடுக்க நாங்கள் பொறுக்கின நரிப்பீயெல்லாம் ஒரே நரியின்ரை."

அவர் தூக்கத்திலிருந்து கண்ணைத் திறந்தார். "உது எப்பிடித் தெரியும்?"

"மரபணுவைப் பாத்தால் எந்த நரியெண்டு பிடிச்சிடலாம். மணற்காடு முழுக்க அலைஞ்சம். மிச்சமெல்லாம் நாயின்ரை. நரி ஒண்டுதான், பெட்டை."

"அப்ப பொழுதுபட ஊளையிடுறது?"

"அதுதான். துணை தேடிக் கூப்பிடுது. பதில் குடுக்க ஒண்டும் இல்லை."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கூட்டமா வருகுதெண்டு நினைச்சு, அந்தச் சத்தம் கேட்டால் நான் ஓடிப்போய்க் கோழிக்கூட்டைப் பூட்டுறனான், பிள்ளை."