சிவப்புத் துண்டு

மேடம், எங்கள் லாட்ஜில் யாருக்கும் துண்டு கொடுப்பதில்லை. கொடுத்தால் காலி செய்யும்போது பெட்டிக்குள் போய்விடும். எல்லாரும் நடராஜரைப் பார்க்க வருகிற ஜனங்கள்தான். ஆனால் பக்தி வேறு, துண்டு வேறு. என் மேஜை டிராயரில் மட்டும் ஒரே ஒரு சிவப்புத் துண்டு இருக்கும். நீங்கள் அதைத்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். எனக்குத் தட்சிணாமூர்த்தி என்று பெயர் வைத்தார்களே தவிர, பேசாமல் உட்கார்ந்திருக்க வரவில்லை.

ஆனித் திருமஞ்சனம், மார்கழித் தரிசனம் என்று ஏதாவது வந்தால் ஊரைச் சுத்தப்படுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். உடனே இன்ஸ்பெக்டர் கலியமூர்த்தி போன் போடுவார். "யோவ் மூர்த்தி, ஒரு கேஸ் குடுய்யா. பெருசா வேணாம், பேப்பர்ல வந்தா போதும்."

விபசாரத் தடுப்புச் சட்டத்தைப் படித்தால் அது தேடுவது என்னைத்தான். இடம் கொடுப்பவன், ஆள் சேர்ப்பவன் என்று என் ஜாதகத்தையே எழுதி வைத்திருக்கிறார்கள். பெண்களை மீட்கத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் ரெய்டு முடிந்ததும் போலீஸ் எழுதும் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட அக்கம்பக்கத்தில் ஒரு கௌரவமான ஆள் வேண்டுமல்லவா. நான் போட்டுவிடுவேன். பேனாகூட என்னுடையதுதான்.

வழக்கமாக மீட்கப்படுகிறவள் தைலம்மாள். துண்டைக் கையில் கொடுத்தாலே புரிந்துகொள்வாள். "இன்னிக்கா மேனேஜரே? இரு, நல்ல பொடவையா கட்டிக்கினு வரேன். போட்டோவுல மூஞ்ச மூட முந்தானை பெருசா இருக்கணும்" என்பாள். துண்டோடு மாடிக்குப் போவாள். அறையில் வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்திருக்கும் மஃப்டி போலீஸ்காரர் அதை வாங்கி ஜன்னலில் காயப்போடுவார். டீக்கடை ஓரம் நிற்கும் ஜீப் வந்துவிடும். மறுநாள் கோர்ட்டில் அபராதம். அதற்கடுத்த நாள் தைலம்மாள் வந்து பேப்பரில் தன் முந்தானையைப் பார்த்துச் சிரிப்பாள். யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு குடும்பம் மாதிரி இருந்தோம்.

சிக்குன்குனியா வந்த வருஷம்தான் அதில் கொஞ்சம் சிக்கல்.

அப்போது ஜான்சி எங்களிடம் ரூம் கூட்டிக்கொண்டிருந்தாள். தேவனாம்பட்டினத்தில் சுனாமிக்குப் புருஷன் ராபர்ட்டைப் பறிகொடுத்தவள். மகள் சிந்துஜா கடலூரில் ஹாஸ்டலில் படித்தாள். நான் தலைக்குச் சாயமெல்லாம் அடித்துக்கொண்டு, அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று கேட்டேன். அந்தச் சாயம் சட்டைக் காலரில் இறங்கியிருந்ததைப் பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன்.

"நீங்க நல்லவருதான் சார். ஆனா எனக்கு வேணாம். ஒண்ணாந்தேதிலேந்து வேலைக்கும் வரமாட்டேன். கடலூர் ஆசுபத்திரில ஆயா வேலை கெடச்சிருக்கு. இனிமே பாப்பாவ எங்கூடவே வச்சிப்பேன்" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டேன். எனக்குக் கோபமே வராது, மேடம். கீழவீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த வாரமே இன்ஸ்பெக்டர் போன் செய்தார். தைலம்மாள் முட்டி வீங்கிப் படுத்திருந்தாள். எழுந்து நிற்க முடியாதவளை ஜீப்பில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. இளகிய மனசு. ஜான்சியைக் கூப்பிட்டேன்.

"மாடி ரூம்ல துண்டு கேக்கறாரும்மா. குடுத்துட்டு வந்துடு."

"நம்ம லாட்ஜ்ல துண்டா சார்?" என்று சிரித்தாள். நன்றாகச் சிரிப்பாள். நான் அதைப் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி.

கீழே கூட்டி வரும்போது கத்தினாள். "சார், சொல்லுங்க சார். நான் இங்க வேல செய்யறவள்னு சொல்லுங்க சார்." நான் மகஜரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் பேசினால் எனக்குக் கையெழுத்துக் கோணிவிடும். அதனால் பேசவில்லை.

தைலம்மாளுக்குக் கோர்ட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். ஜான்சியோ, தான் எதுவும் செய்யவே இல்லை என்று அழுதாள். அப்படி அழுதால் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். உரிமையுள்ள ஆள் வந்து கேட்டால்தான் வெளியே விடுவார்கள். அதற்குள் பேப்பரில் போட்டோ வந்துவிட்டது. இவளுக்கு முந்தானையால் மூடிக்கொள்ளவும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை இல்லை என்றார்கள். கூடப்பிறந்த அண்ணன், அவள் சுனாமியிலேயே போய்விட்டாள் என்று சொல்லிவிட்டான். ஹாஸ்டலில் பிள்ளையைக் கூட்டிப்போகச் சொன்னார்கள்.

நான் உடனே போகவில்லை. தனக்கு யாருமில்லை என்பதை ஒரு மனுஷி நிதானமாகத் தெரிந்துகொள்ள அவகாசம் வேண்டுமல்லவா. பிறகு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். கட்டிக்கொள்ளப் போகிறவன் என்று அங்கே சொன்னேன். அவள் வெகுநேரம் ஆப்பிளையே பார்த்தாள். "பாப்பாவ எங்கூட வச்சிக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள். கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது இன்ஸ்பெக்டர். எனக்குப் பட்ட கடனை அவர் தீர்க்க வேண்டாமா.

அதன் பிறகு நல்ல குடித்தனம்தான். அவள் அதிகம் பேச மாட்டாள். கூச்ச சுபாவம்.

போன வாரம் தைலம்மாள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண்கள் இருவரும் பழைய கதை பேசியிருக்கிறார்கள். அன்றைக்குச் சோறு போடும்போது ஜான்சி கேட்டாள்: "செவப்புத் துண்ட நீங்க யாருக்குக் குடுத்தாலும், அவுங்கள புடிச்சிக்கினு போவத்தானாமே?"

மனைவியிடம் பொய் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. ஆமாம் என்றேன். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, சிந்துஜாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் மகளிர் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

மறுக்கவில்லை, மேடம். துண்டு கொடுத்தது, கையெழுத்துப் போட்டது, வாய் திறக்காமல் நின்றது எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். பேனா இருக்கிறது.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தனியாக அனுப்பிவிடாதீர்கள். நான் வரும்வரை இருக்கச் சொல்லுங்கள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.